கைப்பொட்டு

“ரெண்டு வருஷம்னு சொன்னீங்களா இல்லீங்களாங்ணா? அதை மட்டும் சொல்லுங்க.”

“கத்தாத. கீழ கேக்குது.”

“கேக்கட்டும். ஏழு வருஷமா அவிங்க கேக்காததா?”

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு மூன்றாவது மாடி நடையில் நடந்த சண்டை இது. அவிங்க என்று மிருதுளா சொன்னது மொத்தக் குடியிருப்பையும்தான் என்றாலும், அவள் கண் என் கதவுப் பக்கம் போனதை நான் கவனித்தேன். என் வீடு லிஃப்டுக்கு நேர் எதிரே இருக்கிறது. சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பதும் ஓரம் தைப்பதும் என் தொழில். தையல் மெஷினைக் கதவோரம் போட்டிருப்பது வெளிச்சத்துக்காக. இருபது வருடமாக இதைச் சொல்லி வருகிறேன், ஒருவரும் நம்பியதில்லை. அன்றைக்கு மெஷினை நிறுத்தியதுகூட பாபினில் நூல் தீர்ந்ததால்தான்.

“உன்னைக் கல்யாணம் பண்ண வேண்டாம்னு யாரு சொன்னா?” என்றான் அவள் அண்ணன் நந்தகுமார். “அந்தப் பையனை இங்கயே ஈரோட்டுக்கு மாத்தல் வாங்கிக்கச் சொல்லு.”

“அவரு என்ன கலெக்டருங்களா, கேட்ட ஊர் கெடைக்கறதுக்கு? தண்ணி மீட்டர் பாக்கறவரு. தூத்துக்குடின்னு போட்டுட்டாங்க. தை மாசம் போய்ச் சேரணும்.”

“அப்ப உங்க அண்ணி?”

கேட்டுவிட்டு அவனே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போது அவர்கள் வீட்டுக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து அவன் மனைவி தாரணியின் குரல் வந்தது. களைத்த குரல். எப்போதும் அப்படித்தான்.

“மிருது, கை சிவக்குது பாரு. உள்ள வந்து உக்காரு.”

கத்தியவள் மிருதுளா. சிவந்தது தாரணியின் தோல். அது இருந்தது மிருதுளாவின் மணிக்கட்டில்.

குடியிருப்புக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இது புரியாது. அவர்களுக்கு எடுத்துச் சொல்லும் வேலை எப்போதும் என்னுடையது என்பதால் இப்போதும் சொல்கிறேன்.

நந்தகுமாரைக் கட்டிக்கொண்டு தாரணி இங்கே வந்தபோது நல்ல பெண்ணாக இருந்தாள். நல்ல பெண் என்றால் நின்று என்னிடம் பேசுவாள் என்று பொருள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இரண்டாவது வருடம் நோய் ஆரம்பித்தது. வெயிலில் நடந்து வந்தால் முகமும் கழுத்தும் செங்கல் நிறமாகிவிடும். புளித்த மாவில் இட்லி தின்றால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுகொள்வாள். பக்கத்து வீட்டில் மிளகாய் தாளித்தால் இவள் வீட்டில் ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டியிருக்கும். மஞ்சள் மண்டிப் பக்கம் பஸ்ஸில் போனதற்கே ஒருமுறை நினைவு தப்பி விழுந்தாள். ஈரோட்டில் குடியிருந்துகொண்டு மஞ்சள் ஆகாது என்றால் என்ன செய்வது?

ஒரு டாக்டர் பித்தம் என்றார். இன்னொருவர் நரம்புத் தளர்ச்சி என்றார். மூன்றாமவர் ஒரு குழந்தை பிறந்தால் சரியாகிவிடும் என்றார். நான் நடிப்பு என்றேன். சும்மா சொல்லவில்லை. மாமியார் பவானியிலிருந்து வந்து தங்குகிற நாட்களில் அவளுக்கு அதிகமாகிறது என்பதைத் தேதிவாரியாகக் கவனித்து வைத்திருந்தேன். பின்னாளில் ஒரு டாக்டரம்மா, நான் கவனித்தது சரி, எடுத்துக்கொண்ட அர்த்தம்தான் தப்பு என்றார். மன உளைச்சலும் அந்த நோயைக் கிளப்பிவிடுமாம்.

நான்கு வருடம் அலைந்த பிறகு கோயம்புத்தூரில் நோய்க்குப் பெயர் வைத்துக் கொடுத்தார்கள். மாஸ்ட் செல் நோய். லிஃப்டு வருவதற்குள் நந்தகுமார் எனக்கு விளக்கினான்.

“எல்லார் ஒடம்புலயும் காவக்கார செல்லு இருக்குதுங்க்கா. திருடன் வந்தா மணி அடிக்கும். இவளுக்குப் பால்காரர் வந்தாலும் அடிக்குது, காத்து வந்தாலும் அடிக்குது. அடிக்க ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியல.”

“மருந்து இல்லியா?”

“இருக்குதுங்க்கா. மாசம் ஒரு ஊசி.”

“அப்பறம் என்ன, போட வேண்டியதுதான?”

“ஒரு ஊசி என்ற அஞ்சு மாசச் சம்பளமுங்க.”

அவன் ஏசி மெக்கானிக். கோடையில் நல்ல வரும்படி. இப்போது கோடை எட்டு மாதம் இருப்பதால் இன்னும் நல்ல வரும்படி. அதிலும் அஞ்சு மாதச் சம்பளம். காப்பீட்டுக்காரர்களின் பட்டியலில் இந்த நோயின் பெயர் இல்லை, அடுத்த வருடம் சேர்த்துவிடுவார்கள் என்றார்கள். அவளுடைய தாலிக்கொடி போனது, அவனுடைய பைக் போனது, மூன்று ஊசி போட்டார்கள். அந்த மூன்று மாதமும் தாரணி சாதாரணமாக நடந்து என் வீட்டுக்கு வந்து மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்தாள். நாலாவது மாதம் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜன்னல் இடுக்குகளை எல்லாம் அவன் டேப் போட்டு ஒட்டினான்.

அதற்கு அடுத்த வருடம்தான் அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் ஷாஹிதா எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் முகாம் போட்டார். கன்னத்தின் உட்பக்கம் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுத்தால் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் இலவசம் என்று எழுதிப் போட்டிருந்தார்கள். நூற்று நாற்பது பேர் வரிசையில் நின்றோம்.

“இது வைத்தியம் இல்லைங்க,” என்று டாக்டரம்மா மைக்கில் சொன்னார். “முன்கூட்டியே தெரிஞ்சுக்கற வழி. தாரணியோட தோலை ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வளத்து, இன்னொருத்தர் மணிக்கட்டுல ஒட்டுவோம். அவங்க ரத்தத்துல அது உசுரோட இருக்கும். அவங்க முன்னாடி போய் மோந்து பாக்கணும், முன்னாடி சாப்பிட்டுப் பாக்கணும். தாரணிக்கு ஆகாத பொருளா இருந்தா ஒட்டு சிவந்து வீங்கும். ஒட்டிக்கிட்டவங்களுக்கு அரிக்கும், அதுக்கு மேல ஒண்ணும் ஆகாது. தாரணி தப்பிச்சுக்குவாங்க.”

“பொண்டாட்டி தோலுன்னா புருசனுக்கு ஒட்டுங்களா?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். சிரித்தார்கள்.

“புருசனுக்கும் ஒட்டல, பெத்த அம்மாவுக்கும் ஒட்டல, பாத்தாச்சு. நூறு பேர்ல ஒருத்தர் உடம்புதான் ஏத்துக்கும். அது யாருன்னு சொந்தம் பாத்துச் சொல்ல முடியாது. அதுக்குத்தான் எல்லாரையும் கூப்பிட்டோம். ஒரே வீட்டுல இல்லாட்டிப் பக்கத்து வீட்டுல இருக்கணும், அவ்வளவுதான்.”

“எத்தன நாளைக்குங்க?”

கேட்டது மிருதுளா. அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. அண்ணன் வீட்டில் தங்கி, சாயப்பட்டறை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் நிறம் சேர்க்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். டாக்டரம்மாவுக்கு ஆள் போதவில்லை என்று அன்று முழுக்க அவருக்கு உதவியாக இருந்தாள்.

“ஊசி விலை எறங்கற வரைக்கும். ரெண்டு வருஷம்.”

மறுநாள் சாயங்காலம் எல்லாருக்கும் கைபேசியில் முடிவு வந்தது. பொருந்தவில்லை, பொருந்தவில்லை என்று ஒவ்வொருவரும் கைபேசியை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டார்கள். முகத்தில் வருத்தமும் வைத்துக்கொண்டார்கள். என்னுடையது சார்ஜில் கிடந்தது. மிருதுளாவுக்குப் பொருந்தியது.

மணிக்கட்டின் உட்பக்கம், வளையல் உட்காரும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, வெளுத்த வட்டம். கைப்பொட்டு என்று அதற்குப் பெயர் வைத்தது நான்தான். ஆஸ்பத்திரியில் வேறு நீளமான பெயர் சொல்கிறார்கள்.

அதற்குப் பிறகு தாரணி வெளியே வந்தாள். முதலில் மிருதுளா நடையில் கைகளை வீசிக்கொண்டு போவாள். படியில் நிற்பாள், லிஃப்டில் ஏறி இறங்குவாள், திரும்பி வந்து தலையாட்டுவாள். பத்தடி பின்னால் தாரணி வருவாள். காய்கறி வாங்கினால் முதல் வாய் மிருதுளாவுக்கு. மழை பெய்தால், புழுக்கமடித்தால், யார் வீட்டிலாவது பெயின்ட் அடித்தால், எல்லாம் முதலில் அந்தக் கைக்கு. “என்ற தோலு எனக்கு முன்னாடி ஊர் சுத்திட்டு வருதுங்க்கா,” என்பாள் தாரணி. ஆஸ்பத்திரிக்கு ஓடுவது வருடத்துக்கு நாலைந்து தடவையிலிருந்து ஒன்றுமில்லை என்றானது. ஏழு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான், அதுவும் மிருதுளாவுக்கு டெங்கு வந்து படுத்திருந்தபோது.

மிருதுளாவின் கணக்கை யாரும் அவ்வளவாகப் பார்க்கவில்லை. சாயப்பட்டறைக்குள் நுழைந்தாலே பொட்டு வீங்கியதால் வேலையை விட்டாள். சளி பிடித்தால் மாத்திரை போடக்கூடாது. போட்டால் பொட்டு மரத்துவிடும். வாசனைச் சோப்பு கிடையாது, தலைக்குப் பூ கிடையாது. தூக்கத்தில் சொறிந்துவிடாமலிருக்க அந்தக் கையில் காட்டன் உறை மாட்டிக்கொண்டு படுப்பாள். அந்த உறைகளைத் தைத்துக் கொடுத்தது நான். காசு வாங்கவில்லை. இதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆறாவது மாதம் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. வாசனை, சாப்பாடு ஒன்றும் இல்லாத நேரத்திலும் பொட்டு சிவந்தது. டாக்டரம்மாவைக் கேட்டால், “தோல் தாரணியோடது, ஓடற ரத்தம் மிருதுளாவோடது. அவங்க மனசு படபடத்தாலும் சிவக்கும்,” என்றார். இது போதாதா? மறு வாரமே, பொட்டு உண்மையைக் காட்டுகிறது என்று குடியிருப்பு முழுக்கத் தெரிந்துபோயிற்று. எப்படித் தெரிந்தது என்று கேட்க வேண்டாம்.

கோயிலுக்குப் போய்ப் பூ வைத்துக் கேட்கிற மாதிரி கேட்க வந்துவிட்டார்கள். பையனுக்கு எந்தக் கல்லூரி என்று ஒருத்தி கேட்டாள். மூட்டையை அவிழ்த்தால் கல் கலந்த அரிசியா என்று ஒருவர். மிருதுளா சிரித்துக்கொண்டே கை நீட்டுவாள். அவள் சிரிப்பதை நிறுத்தியது தண்ணீர் மோட்டார் காணாமல் போனபோது.

சங்கச் செயலாளர் தங்கமுத்து அவளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, வேலைக்காரர்களை ஒவ்வொருவராக எதிரில் வந்து நிற்கச் சொன்னார். யோசனை என்னுடையது. வாட்ச்மேன் சின்னப்பராஜ் வந்து நின்றதும் பொட்டு திராட்சை மாதிரி வீங்கியது. அந்த மனிதர் முட்டிவலிக்குத் தைலம் பூசியிருந்தார். அந்த வாசம் எங்கள் எல்லார் மூக்கிலும் ஏறியது. இருந்தும் ஒருவருக்கும் தோன்றவில்லை. “தைலங்க, தைலம்,” என்று மிருதுளா சொல்லச் சொல்லக் கேட்காமல் அவரை அனுப்பினார்கள். நாலு நாள் கழித்து மோட்டார் பழுது பார்த்து முடித்துக் கடையிலிருந்து வந்து இறங்கியது. கொடுத்தனுப்பியதே தங்கமுத்துதான். மறந்துவிட்டாராம். அதோடு பொட்டிடம் கேள்வி கேட்பது நின்றது. சின்னப்பராஜைத் திரும்பக் கூப்பிட யாரும் போகவில்லை.

இப்படியே இரண்டு வருடம் ஏழு வருடமாயிற்று. ஊசி விலை இரண்டு தடவை ஏறியது, ஒரு தடவை இறங்கும் என்று பேச்சு வந்தது. பெண் கேட்டு வந்தவர்கள் பொட்டைப் பார்த்துவிட்டு, “இது மத்தவங்களுக்கும் ஒட்டுமாங்க?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

பிறகு சபரிநாதன் வந்தான். வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் மாற்ற வந்தவன். ஒல்லி, காது மட்டும் பெரிசு. எங்கள் தளத்தில் ஒரு மீட்டருக்கு நாலு தடவை வந்தான். நாலாவது தடவை அவன் இறங்கிப் போனதும் மிருதுளாவின் கையைப் பார்த்தேன். குங்குமம் மாதிரி இருந்தது.

“அந்தத் தம்பி என்ன சென்டு போடறான்?” என்றேன்.

“சென்டெல்லாம் போடறதில்லீங்கத்தெ.”

“அப்பறம் ஏன் சிவந்துச்சு?”

“சென்டா இருந்தா வந்தவுடனே சிவக்கும். இது அவரு போனதுக்கப்பறம்தான் சிவக்குது,” என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் கையை மூடிக்கொண்டாள்.

அந்த ஒரு தடவை நாங்கள் பொட்டைத் தப்பாகப் படிக்கவில்லை. அன்று சாயங்காலமே நந்தகுமாருக்குத் தெரிந்துவிட்டது. அதையும் எப்படி என்று கேட்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைச் சண்டை இந்த வழியாக வந்து சேர்ந்தது.

அன்று மதியம் ஆறுதல் சொல்லப் போனேன். சரி, என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளவும்தான். நந்தகுமார் எங்கேயோ ஏசி பார்க்கப் போயிருந்தான். மிருதுளா படுத்திருந்தாள். தாரணி கண்ணாடிக்கு உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். முப்பத்தாறு வயது, பார்த்தால் ஐம்பது.

“அங்கயே நில்லுங்க்கா. சேலைல அந்துருண்டை வாசம் வருது.”

நின்றேன்.

“கழட்டச் சொல்லிட்டேனுங்க்கா,” என்றாள்.

“எதை?”

“பொட்டை. வர்ற புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறோம். அவ தூத்துக்குடிக்குப் போகட்டும்.”

“அப்ப உன்ற கதி?”

“உள்ளயே இருந்துக்கறேன். முன்னாடி அப்படித்தான இருந்தேன்?”

“முன்னாடி வருஷத்துக்கு நாலு தடவை உசுருக்குப் போராடுன.”

“நாலு தடவையும் பொழச்சேன்ல.” கண்ணை மூடிக்கொண்டாள். “எனக்கு அலுத்துப்போச்சுங்க்கா. சாவறதப் பத்தி இல்ல. காலைல எந்திரிச்சதுல இருந்து ராத்திரி வரைக்கும் ஒருத்திக்கு மனசுக்குள்ள நன்றி சொல்லிட்டே இருக்கணும் பாருங்க, அது முடியல. அவ சொறியற சத்தம் சொவத்துக்கு அந்தப் பக்கம் கேக்கும். நான் என்ற கையைத் தடவிக்குவேன். ஒண்ணும் இருக்காது.”

இப்படிப்பட்ட பேச்சு எனக்குப் பழக்கமில்லை. எனக்குத் தெரிந்த பேச்சில் யார் மேலாவது குற்றம் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம். “சாப்டியா?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மிருதுளா ஒரு சேலையோடு வந்தாள். மயில்கழுத்து நிறம், சபரிநாதனின் அம்மா கொடுத்தனுப்பியது.

“ஃபால்ஸ் அடிச்சு வையுங்கத்தெ. கட்டுவனா தெரியல. இருந்தாலும் அடிச்சு வையுங்க.”

“ஏன் கட்டாம? நாளைக்குத்தான் கழட்டறீங்களாமே.”

“அண்ணிதான் சொல்லுது. நான் எப்படிங்க விட்டுட்டுப் போவேன்? ரெண்டு நாளா யோசிச்சிட்டிருக்கேன். அவருகிட்டயே வேண்டாம்னு சொல்லிரலாம்னு பாக்கறேன்.” சொல்லும்போது குரலில் அழுகை இல்லை, சண்டையும் இல்லை. கரண்ட் போய்விட்டது என்று சொல்கிற குரல்.

நான் சேலையை மடக்கி ஓரத்தை அளந்தேன். அவள் மெஷினுக்குப் பக்கத்தில், தாரணி காபி குடித்த அதே முக்காலியில் உட்கார்ந்தாள்.

“வேற யாராச்சும் கெடைக்க மாட்டாங்களா, அம்மிணி? மறுபடி ஒரு முகாம் போடச் சொன்னா?”

நான் ஏன் அதைக் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. பேச்சில்லாமல் இருப்பது எனக்கு முடியாது.

அவள் மெஷின் ஊசியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“முகாமுக்கு மறுநாள் முடிவை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துனது நானுங்கத்தெ. டாக்டரம்மாவுக்கு ஆள் பத்தலைன்னு என்னைக் கூப்பிட்டாங்க. நூத்தி நாப்பது பேரு. பொருந்துச்சுன்னு பச்சையில வந்தது ரெண்டு.”

நான் பாபினைக் கழற்றி மறுபடி மாட்டினேன். அதில் நூல் நிறைய இருந்தது.

“பொருந்தினவங்க தானா முன்வரலைன்னா பேரை வெளிய சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்குனாங்க. அதனால சொல்லல. அப்பறம் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல.”

“தாரணிக்குத் தெரியுமா?”

“யாருக்கும் தெரியாதுங்க.”

“ஏழு வருஷமா?”

“மொத வருஷம் நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன். நீங்க எதையும் மனசுல வெச்சிருக்க மாட்டீங்களே.”

குத்திக் காட்டுகிறாளோ என்று அவள் மணிக்கட்டைப் பார்த்தேன். அந்தப் பொட்டைப் படிப்பதில் என்னை மிஞ்ச இந்தக் குடியிருப்பில் ஆளில்லை. வெளுத்துத்தான் இருந்தது. கோபம் இருந்திருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்.

“உங்களைக் கேக்கறதுக்கு வரலீங்கத்தெ. சேலை கொடுக்கத்தான் வந்தேன். அவசரமில்ல.” எழுந்து போய்விட்டாள்.

அன்றைக்கு அடித்த ஃபால்ஸ் கோணல். பிரித்து மறுபடி அடித்தேன், மறுபடியும் கோணல்.

அன்றைக்கு முடிவை மறைத்ததற்குக் காரணம் என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. பயம் என்று சொல்லலாம், அது முழுக்கச் சரியில்லை. என் மகள் புனேயில் இருக்கிறாள், வருடத்தில் ஒரு மாதம் போய்வருவேன், அது நின்றுவிடும். கஞ்சி போட்ட துணியில்தான் என் பிழைப்பு. தலைக்குப் பூ வைத்துக்கொள்ள ஆசை. அரிப்பு யாருக்குப் பிடிக்கும்? கைபேசியில் பொருந்தியது என்ற செய்தியைப் பார்த்ததும், வேறொருத்திக்கும் பொருந்தியிருக்கிறது, தாரணி வீட்டுப் பெண், சின்ன வயசு, இரண்டு வருடம்தானே என்று நினைத்தேன். அழித்துவிட்டேன். ஊரில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் சாயங்காலத்துக்குள் சொல்லிவிடுகிறவள், இந்த ஒன்றை ஏழு வருடம் வாய் திறக்காமல் வைத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்றால் நம்புவீர்களா தெரியவில்லை. அதே ரகசியத்தை அந்தப் பெண்ணும் வைத்திருந்தாள், கையில் அரிப்போடு.

புதன்கிழமை அவர்களுக்கு முன்னால் நான் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். டாக்டர் ஷாஹிதாவுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. கம்ப்யூட்டரில் என் பெயரைத் தேடி எடுத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“உங்களுக்கு அப்பவே தகவல் அனுப்பியிருக்கோமேம்மா.”

“போன் சார்ஜுல இருந்துச்சுங்க.”

அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். “பரவால்ல. இப்ப வந்துட்டீங்க.”

“எத்தன நாளைக்குங்க?”

“ஊசி விலை எறங்கற வரைக்கும். ரெண்டு வருஷம்.”

சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த இரண்டு வருடம் எவ்வளவு நீளம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

நந்தகுமாரிடமும் தாரணியிடமும், புதிதாகப் போய்ப் பரிசோதித்துக்கொண்டேன், அதிர்ஷ்டம், பொருந்திவிட்டது என்று சொன்னேன். மிருதுளா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நந்தகுமார் என் காலில் விழ வந்தான். நகர்ந்துகொண்டேன்.

தாரணிதான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏனுங்க்கா, உங்களுக்கு ஏன் இந்த வேலை?”

“வீட்ல சும்மாதான இருக்கறேன்.”

“நடிக்கறீங்க,” என்றாள். அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மிருதுளாவின் பொட்டைக் கழற்றி எனக்குப் புதிதாக ஒன்றை ஒட்டிய பிறகு, மார்கழி மாதச் சங்கக் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தங்கமுத்து பதினைந்து நிமிடம் பேசினார். ரத்த சம்பந்தம் இல்லாத ஒருவருக்காக, இந்த வயதில், தன்னலம் பார்க்காமல், என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல என் மணிக்கட்டு வீங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஆகி, பார்த்தவர்கள் பதறிவிட்டார்கள். புதுத் துணிக் கஞ்சி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிப் பொன்னாடையைக் கழற்றிக் கொடுத்தேன். எல்லாரும் நம்பினார்கள். பொட்டைப் படிக்க அவர்களுக்கு நான்தானே சொல்லிக் கொடுத்தேன். மூன்றாவது வரிசையில் மிருதுளா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கியதை வைத்துப் பார்த்தால் சிரித்திருக்க வேண்டும்.

தை மாதம் கொடுமுடியில் கல்யாணம். தாரணி வர முடியாது. பூ, புகை, சந்தனம் எல்லாம் இருக்கும். நான் போனேன். மிருதுளா கட்டியிருந்தது அந்த மயில்கழுத்துச் சேலை, ஃபால்ஸ் கோணல், நல்லவேளை யாரும் கவனிக்கவில்லை. மணப்பெண்ணின் கையில் பொட்டு இருந்த இடத்தில் ஒரு வெளிர் வட்டம். அதன் மேல் வளையல் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். தலை நிறையப் பூ வைத்திருந்தாள், கழுத்து வலிக்கும் அளவுக்கு. நான் திரும்பி வந்ததும் தாரணி கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து என் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தாள்.

“இத்தன வீங்கியிருக்குது. மல்லிப்பூவுங்களா?”

“மல்லி, சம்பங்கி, ஹோமம். அப்பறம் அந்த மாப்பிள்ளைப் பையனோட மாமா சென்டுல குளிச்சுட்டு வந்திருந்தாரு.”

“சொல்லுங்க, மொதல்ல இருந்து,” என்றாள். நான் சொன்னேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. என் வாழ்நாளில் அவ்வளவு பொறுமையாக யாரும் என் பேச்சைக் கேட்டதில்லை.

மிருதுளா தூத்துக்குடியில் இருக்கிறாள். உப்பு ஆலை ஒன்றில் பரிசோதனைக் கூட வேலை. மாதம் ஒருமுறை பேசுவாள். இப்போதும் எந்தப் புது இடத்துக்குப் போனாலும் முதலில் அவள் நுழைந்து மூச்சு இழுத்துப் பார்த்த பிறகுதான் சபரிநாதனைக் கூப்பிடுகிறாளாம். அவன் வாசலில் நின்று சிரிப்பானாம். தங்கமுத்து வீட்டை விற்றுவிட்டு மகனோடு பெங்களூர் போய்விட்டார். சின்னப்பராஜ் பெருந்துறையில் ஒரு மில்லில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஒருநாள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். பேசினார், டீ வாங்கிக் கொடுத்தார், திரும்பி வருகிறீர்களா என்று கேட்டதற்கு மட்டும், ஈரோட்டுக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று சொன்னார். தைல வாசத்தில் வீடு வரும்வரை எனக்கு அரித்தது. ஊசியின் விலை போன மாதம் மறுபடி ஏறியிருக்கிறது. நந்தகுமார் லிஃப்டுக்குக் காத்திருந்தபோது சொன்னான்.

தங்கமுத்து காலி செய்த வீட்டுக்கு வியாழக்கிழமை புது ஆட்கள் வருகிறார்கள். கணவன் மனைவி, கூட ஒரு வயதான ஆண், யார் என்று சரியாகத் தெரியவில்லை. புரோக்கரைக் கேட்டால் மழுப்புகிறான். அதைப் பற்றி எனக்குள் எந்தப் பதற்றமும் கிடையாது, தாரணியிடம் நேற்றே அப்படிச் சொல்லிவிட்டேன். அவள் என் கையில் சிவந்திருந்த பொட்டைப் பார்த்துவிட்டு, காற்றில் ஏதோ வந்துவிட்ட மாதிரி தன் ஜன்னலை எழுந்துபோய்ச் சாத்திவிட்டு வந்தாள்.